அரக்கு உடையாத கதவு

கல்லூரியை இடித்துக் கட்டத் தொடங்கி அது இரண்டாவது வருடம். விவசாயக் கல்லூரி, மாணவர்கள் மூவாயிரம் பேர். அவர்களைக் கொஞ்ச நாள் வேறெங்காவது அனுப்பிவிட்டு நிம்மதியாக இடிக்கலாமென்றால், அந்த ஊரில் அப்படி ஓர் இடம் கிடையாது. ஆகவே ஒரு பக்கம் இடிப்பு, ஒரு பக்கம் படிப்பு. மண்ணியல் வகுப்பு போன மாதம் நூலகத்தில் நடந்தது, இந்த மாதம் கோழித் தீவன ஆய்வகத்தில் நடக்கிறது. அடுத்த மாதம் எங்கே என்று இன்ஜினியர் மித்ஹத்தைக் கேட்டால் அவர் வானத்தைக் காட்டுவார். தகரத் தடுப்பு இன்றைக்கு இங்கே இருக்கும், நாளைக்கு அங்கே இருக்கும். காலையில் வந்த வழியே மாலையில் வீட்டுக்குப் போனவர்கள் அபூர்வம்.

ஜூன் தேர்வு வந்தபோது கூடம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. துக்க வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் பந்தல் போடுகிற ஆளையே கூப்பிட்டு, மைதானத்தில் சிவப்பும் நீலமுமாகத் துணிப் பந்தல் போட்டார்கள். முதல் நாள் உள்ளே நுழைந்த பையன் ஒருவன், "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டான். "புதன்கிழமை புள்ளியியல் இருக்குல்ல, அன்னைக்கு நாமதான்," என்றான் பின்னால் வந்தவன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் தேர்வை நடத்தி முடிக்க வேண்டியவள் இன்ஸாஃப். மாணவர் பிரிவின் தலைமை எழுத்தர், இருபத்தெட்டு வருட சர்வீஸ். இரண்டு வருடத்தில் அவளுடைய மேசை ஐந்து முறை இடம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவள் முதலில் தூக்கிக்கொண்டு போனது ஒரு டப்பாவை. அதில் சிவப்பு அரக்குக் கட்டி, மெழுகுவர்த்தி, பித்தளை முத்திரை மூன்றும் இருக்கும். தேர்வு எழுதி முடித்ததும் விடைத்தாள்கள் போய்ச் சேருகிற அறைக்கு அங்கே கண்ட்ரோல் என்று பேர். அங்கே வைத்துத்தான் தாளின் மூலையிலிருக்கும் பெயரை மடித்து ஒட்டி, ரகசிய எண் போட்டு, திருத்துகிறவரிடம் அனுப்புவார்கள். மாணவர்களில் நாலாவது சுற்று வரைக்கும் உறவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும்தான் அதற்குள் நுழையலாம். சாயங்காலம் பூட்டிக் கதவிடுக்கில் அரக்கு வைத்துவிட்டால் மறுநாள் மூன்று பேர் சாட்சியாக நின்றுதான் உடைக்க வேண்டும். அந்த அறை எது என்பதை வெளியே மூச்சு விடக் கூடாது. கதவில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

இந்த விஷயத்தில் இன்ஸாஃப் மகா கறார். அந்தக் கறார்தான் அவளை மாட்டிவிட்டது.

மே மாதக் கடைசியில் மித்ஹத் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். "மேடம், கீழ்த்தளத்துல வடக்கு வரிசையில ஏதாவது இருக்கா? என் வரைபடத்துல காலி கிடங்குன்னு போட்டிருக்கு. குழாய் கொண்டுபோகணும்."

"என்னால சொல்ல முடியாது."

"இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"சொல்ல முடியாதுன்னா சொல்ல முடியாது, இன்ஜினியர் சார். நீங்க கேக்கவும் கூடாது."

மித்ஹத் அன்றைக்கு எட்டு அலுவலகங்களில் எட்டு விஷயம் கேட்டிருந்தார். ஐந்து இடங்களில் இதே மாதிரி பதில்தான் கிடைத்தது. பாவம் மனுஷன், ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டார். கண்ட்ரோல் மூன்றாவது மாடியிலிருந்து அந்தக் கிடங்குக்கு மாறி ஒரு வாரம் ஆகியிருந்தது.

புதன்கிழமை புள்ளியியல் தேர்வு. இரண்டாம் வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். பந்தலில் மின்விசிறி நின்றுபோய்த் தேர்வு அரை மணி தாமதமானது. அதனால் மூலை மடிக்க நேரமில்லை. தாள்களைக் கயிறு போட்டுக் கட்டி மேசைமேல் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டி, மூன்று மணிக்கு அரக்கு வைத்தாள் இன்ஸாஃப். மற்றப் பாடங்களின் தாள்கள் இரும்பு அலமாரிக்குள், தனித்தனி அரக்கு முத்திரையோடு பத்திரமாக இருந்தன. புள்ளியியல் மட்டும் வெளியே, பெயரெல்லாம் தெரிய.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சுத்தியல் சத்தம் நின்றது. அந்தச் சத்தத்தைக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர் மெஷின் போடும் கூச்சல் வேறு. இது பகீத் மேஸ்திரியின் சுத்தியல். மூன்று அடி, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று அடி. பழைய செங்கல்லை உடையாமல் எடுக்க வேண்டுமென்று அடிக்கிறவர் அவர், இடைவெளியில் கல்லைத் தடவிப் பார்ப்பார். வகுப்பில் பேராசிரியர்களே அந்த இடைவெளி பார்த்துப் பேசப் பழகியிருந்தார்கள். சத்தம் நின்றதும் இன்ஸாஃப், டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கால் மணி இருக்கும்போது மித்ஹத் போன் செய்தார். "மேடம், கடைசியா உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். வடக்கு வரிசைக் கிடங்குல கிடக்குற பேப்பர் யாரோடது?"

"அப்படி ஒரு ரூமே கிடையாது," என்றாள் இன்ஸாஃப், இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில். சொல்லி வாய் மூடுவதற்குள் பேப்பர் என்ற வார்த்தை உறைத்தது. "பேப்பரை எப்படிப் பாத்தீங்க?"

"ஓட்டை வழியா," என்றார் மித்ஹத்.

அவள் ஓடினாள். ஐம்பத்து மூன்று வயதில், தகரத் தடுப்பைச் சுற்றி, சிமெண்ட் மூட்டைகளைத் தாண்டி ஓடினாள். இடித்துத் தள்ளிய பகுதியின் பக்கம் வந்து பார்த்தால், சுவரில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்குள் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் பகீத் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். முதுகு அறையைப் பார்த்து, முகம் வெளியே. மீசையெல்லாம் செங்கல் தூள்.

"இந்தத் தாளெல்லாம் உங்களோடதா, ஹாஜியம்மா?"

"என்னோடதுதான்."

"அப்பாடா. ஒண்ணேகால் மணி நேரமா ஆபீஸ் ஆபீஸா ஆள் விட்டுக் கேட்டுட்டேன். அப்படி ஒரு ரூமே இல்லேன்னு எல்லாரும் சத்தியம் பண்றாங்க. நானோ அந்த இல்லாத ரூமோட ஓட்டையிலதான் உக்காந்திருக்கேன்."

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல," என்றாள் இன்ஸாஃப், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"போவீங்க. கல்லு உள்ள விழுந்துச்சு, பாத்தா தாள். கூட இருந்த ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லிட்டேன். ஒருத்தனும் உள்ள கால் வைக்கல. நானும்தான்."

அடுத்து வந்தவர் கண்ட்ரோலின் தலைவர் டாக்டர் லுத்ஃபி. குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார், நிமிர்ந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, "கதவு?" என்றார்.

அதற்குள் மித்ஹத்தும் வந்துவிட்டார். மூவரும் சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் போனார்கள். பூட்டு பூட்டியபடி இருந்தது. அரக்கு ஒரு கீறல் இல்லாமல், இன்ஸாஃபின் முத்திரையோடு பளபளத்தது. விதிப்படி லுத்ஃபி, இன்ஸாஃப், சாட்சிக்கு மித்ஹத், மூவரும் நின்று அரக்கை உடைத்துப் பூட்டைத் திறந்து உள்ளே போனால், எதிர்ச் சுவரின் ஓட்டையில் பகீத்தின் முதுகு. அவர் திரும்பாமலே, "வாங்க வாங்க," என்றார்.

அலமாரி முத்திரைகள் அப்படியே இருந்தன. மேசைமேல் புள்ளியியல் கட்டுகளில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. கயிறு அவிழவில்லை. எண்ணிப் பார்த்தார்கள், அறுநூற்றுப் பன்னிரண்டும் இருந்தது.

டாக்டர் லுத்ஃபிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லதாப் போச்சு. கேளுங்க மேடம். அறிக்கையில என்ன எழுதணும்? பூட்டு சரியா இருந்துச்சு, அரக்கு உடையாம இருந்துச்சு, தாள் முழுசா இருந்துச்சு. ஒரு வார்த்தை பொய் கிடையாது. மேஸ்திரி சாயங்கால அசர் தொழுகைக்குள்ள சுவரை அடைச்சிடுவார். முடிஞ்சுது."

"சுவர்ல ஓட்டை இருந்துச்சே, டாக்டர்."

"அறிக்கைப் படிவத்துல சுவருக்குக் கட்டம் இருக்கா? கதவுக்குத்தானே இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "கண்ட்ரோல் உடைஞ்சுதுன்னு எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? தேர்வு ரத்து. அறுநூறு பிள்ளைங்களும் ஆகஸ்ட் வெயில்ல பந்தலுக்குள்ள உக்காந்து திரும்ப எழுதணும். அதுக்கு முன்னாடி, கிடங்குல எதுவும் இல்லேன்னு இன்ஜினியர்கிட்ட யார் சொன்னதுன்னு கேப்பாங்க."

"இல்லேன்னு நான் சொல்லல. சொல்ல முடியாதுன்னுதான் சொன்னேன்."

"அத விசாரணைக் குழுகிட்ட சொல்லுங்க, கை தட்டுவாங்க."

இன்ஸாஃப் ஆடிப்போனாள். உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. அடைத்துவிட்டால் சுவர். சுவருக்கு வாய் இல்லை. அசர் தொழுகைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"சரி," என்றாள். "ஆனா மேஸ்திரி உள்ள நின்னு பூசணும். உள்ள வர்றவங்க பேரைப் பதிவுப் புத்தகத்துல எழுதாம விட மாட்டேன். மேஸ்திரி, உங்க அடையாள அட்டையைக் குடுங்க."

பகீத் அட்டையை நீட்டினார். இன்ஸாஃப் பேனாவைத் திறந்தாள். பகீத் அப்துல் மவ்ஜூத் தைஃப். எழுத ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அந்த ஊரில் பிள்ளையின் பேருக்குப் பின்னால் அப்பா பேரும் தாத்தா பேரும் வரிசையாக வரும். தேர்வுப் பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிக்கிறவள் அவள்தான். போன வருடம் முதல் வருடத்தில் முதலாவதாக வந்த பெண்ணின் பேர் இப்திஹால் பகீத் அப்துல் மவ்ஜூத்.

"மேஸ்திரி, இப்திஹால் உங்களுக்கு யாரு?"

"எம் மக," என்றார் பகீத்.

டாக்டர் லுத்ஃபி கண்ணாடியைக் கழற்றினார். மித்ஹத் வெளியே போகலாமா என்று யோசிப்பவர்போல் ஓட்டையைப் பார்த்தார்.

"இது ரெண்டாம் வருஷத்துத் தாள்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நேத்துத் தேர்வுல நீலப் பட்டை போட்ட தாள் குடுத்தாங்கன்னு ராத்திரி சாப்பிடும்போது சொன்னா. பாத்ததும் புரிஞ்சுது. அதான் முதுகைக் காட்டி உக்காந்தேன்."

"யோவ், இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார் லுத்ஃபி. "சரி, நாங்க எதுவும் கேக்கல, நீங்களும் எதுவும் சொல்லல. சுவரை அடைங்க."

பகீத் வாளியிலிருந்து எழுந்தார். "அடைக்கிறேன், டாக்டர். ஆனா அத எழுதுங்க."

"எத?"

"நான் அவ அப்பன்கிறத. என்கூட இருந்த ரெண்டு பேரும் இந்நேரம் டீக்கடையில உக்காந்து ஓட்டையைப் பத்தித்தான் பேசிட்டிருப்பானுங்க. இன்னைக்கு மறைச்சா நாளைக்கு என்ன பேசுவாங்க? பகீத் சுவரை உடைச்சு மக தாளைத் திருத்திட்டான்பாங்க. அவ இங்கயே வாத்தியாரம்மா ஆகணும்னு படிக்கிறா. முதல்ல வர்றவங்களுக்குத்தானே அந்த வேலை. அவ கரும்பலகையில எழுதும்போதெல்லாம் பின்னால எவனாவது ஓட்டைன்னு சிரிப்பான். எழுதுங்க, ஹாஜியம்மா."

இன்ஸாஃப் எழுதினாள். லுத்ஃபி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், அவள் மூன்று பக்கம் எழுதினாள். ஓட்டையின் அகலம், உயரம், நேரம், தூசி, மேஸ்திரி, மகள். கடைசிப் பக்கத்தில், மே மாதம் இன்ஜினியர் கேட்டபோது சொல்ல முடியாது என்று தான் பதில் சொன்னதையும் எழுதினாள். அடியில், புள்ளியியல் தேர்வை எல்லோருக்கும் திரும்ப நடத்தலாம், அல்லது எல்லோருடைய தாளையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று தன் கருத்தையும் சேர்த்தாள். லுத்ஃபி பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டீன் குழுவைக் கூட்டினார். டீன் கெட்டவர் இல்லை. ஆனால் அறுநூறு பேருக்கு மறுதேர்வு என்றால் அறுநூறு வீட்டிலிருந்தும் ஆள் வரும், பந்தல்காரன் வேறு ஆகஸ்ட் முழுக்கக் கல்யாணம் இருக்கிறது என்கிறான். அவர் அறிக்கையை இரண்டு முறை படித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் மேஸ்திரிக்கும் சம்பந்தமில்லை, ஆகவே அந்தத் தாள்களில் சந்தேகமில்லை. சந்தேகம் ஒரே ஒரு தாளில்தான். அறுநூற்றுப் பதினொன்றை ஏற்றுக்கொள்வது, இப்திஹால் மட்டும் திரும்ப எழுதுவது. இன்ஸாஃபுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

அன்று மத்தியானமே இப்திஹால் அவள் மேசைக்கு வந்து நின்றாள். ஒல்லியான பெண், கையில் கோப்பு, நெற்றியில் வியர்வை. வருகிற வழியில் எவனோ "சுவர் பொண்ணு" என்று கூப்பிட்டிருக்கிறான், அது இன்ஸாஃப் காதிலும் விழுந்தது.

"மேடம், நீங்க எழுதாம இருந்திருக்கலாம்."

"உங்கப்பாதான் எழுதச் சொன்னார்."

"அவர் சொன்னார், நீங்க எழுதினீங்க, டீன் முடிவு பண்ணினார். தேர்வு எழுதினது நான். என்னை யாரு கேட்டா?"

இருபத்தெட்டு வருடத்தில் அந்த மேசைக்கு முன்னால் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு விதி எண் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இதற்கு எந்த எண்ணும் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. "எல்லாருக்கும் திரும்ப வைங்க, இல்லேன்னா யாருக்கும் வேண்டாம்னுதான் எழுதினேன்மா," என்றாள்.

"அப்ப உண்மையைச் சொன்னதுக்குத் தண்டனை எங்க வீட்டுக்கு மட்டும்தான்."

"ஆமா," என்றாள் இன்ஸாஃப். "அப்படித்தான் ஆயிடுச்சு."

அந்தப் பெண் இதை எதிர்பார்க்கவில்லை போல. "புள்ளியியல் அன்னைக்கு நான் எழுதின மாதிரி இனிமே எழுத வராது, மேடம். எல்லாம் வந்துச்சு அன்னைக்கு. வீட்டுல அவர்கூடப் பேசுறதையே விட்டுட்டேன்." கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்ஸாஃப் நேரே டீன் அறைக்குப் போனாள். "ரெண்டு வருஷமா பிள்ளைங்க சத்தம் சத்தம்னு மனு குடுக்கிறாங்க, சார். ஒரு நாளாவது நிறுத்தியிருக்கோமா? அந்தப் பொண்ணு எழுதுற ரெண்டு மணி நேரம் ஒரு ஆணி அடிக்கக் கூடாது. கையெழுத்துப் போடுங்க." எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய கையோடு வந்து அதிகாரம் பண்ணுகிறாளே என்று டீன் பார்த்தார். ஆனாலும் போட்டார். அவருக்கும் மனசு உறுத்தியிருக்கும்.

வியாழக்கிழமை பத்து மணி. பந்தல்காரன் பாதித் துணியைக் கழற்றிக்கொண்டு ஏதோ சாவுக்குப் போயிருந்தான், மீதிப் பாதியின் நடுவில் ஒரே ஒரு மேசை. இப்திஹால் உட்கார்ந்தாள். லுத்ஃபி வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். இன்ஸாஃப் உறையைப் பிரித்துக் கேள்வித்தாளைக் கொடுத்தாள். புள்ளியியல் பேராசிரியர், நாளைக்கு யாரும் ஒன்று சொல்லக் கூடாதென்று முதல் தடவையைவிடக் கடினமாகவே கேட்டிருந்தார். எல்லோரும் இப்படித்தான், யாரும் ஒன்று சொல்லக் கூடாதென்று அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றிக்கொண்டே போனார்கள்.

வெளியே எண்பது வேலைக்காரர்கள். மெஷின் ஓடவில்லை, கலவை சுற்றவில்லை, யாரும் கூப்பிடவில்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக மரத்தில் குருவி இருப்பது தெரிந்தது.

இருபது நிமிடம் ஆனது. இப்திஹால் பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, தாள் வெள்ளையாகவே இருந்தது. கை தூக்கினாள். இன்ஸாஃப் பக்கத்தில் போனாள்.

"ஒண்ணுமே ஓட மாட்டேங்குது, மேடம்."

"கேள்வி கஷ்டமா?"

"கேள்வியே இன்னும் மண்டைக்குள்ள போகல. ரொம்ப அமைதியா இருக்கு. ரெண்டு வருஷமா அந்தச் சத்தத்துலதானே படிச்சேன், காதுக்குள்ள என்னமோ காலியா இருக்கு." அவள் அழவில்லை, பேனாவை மேசைமேல் வைத்தாள். "இப்படியே இருந்தா நான் பெயில்தான்."

இன்ஸாஃப் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. போராடி வாங்கிய கையெழுத்து. "பிரேக்கர் போடச் சொல்லட்டுமா?"

"பிரேக்கர் வேண்டாம்." பெண் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேஸ்திரியைத் தட்டச் சொல்லுங்க."

அப்பா என்று சொல்லவில்லை. இன்ஸாஃபும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. லுத்ஃபியைப் பந்தலுக்குள் அனுப்பிவிட்டுத் தடுப்பைத் தாண்டிப் போனாள். எண்பது பேரும் நிழலில் வரிசையாக உட்கார்ந்து, டீயில் சர்க்கரையைக் கலக்கக்கூடப் பயந்துகொண்டிருந்தார்கள். பகீத் நடுவில் நின்று, இருமியவன் ஒருவனை முறைத்துக்கொண்டிருந்தார். இன்ஸாஃபைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"சத்தம் கேட்டுச்சா, ஹாஜியம்மா? இவன்தான். இவனை வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"உங்க மக உங்களைத் தட்டச் சொல்றா."

"என்னையா?"

"மேஸ்திரியைத் தட்டச் சொல்லுங்கன்னா. சத்தமில்லாம எழுத வரலையாம்."

பகீத் பந்தல் பக்கம் எட்டிப் பார்த்தார். "டீன் உத்தரவு இருக்கே."

"அத நான் பாத்துக்கறேன். நீங்க தட்டுங்க."

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு எதைத் தட்டுவதென்று சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்தது கிடங்கின் வடக்குச் சுவர்தான். போன வாரம் அவர் கையாலேயே அடைத்துப் பூசிய சுவர். கண்ட்ரோல் வேறு இடத்துக்குப் போய்விட்டதால் அதுவும் இடிபட வேண்டியதுதான். அதன் முன்னால் போய் நின்று அடித்தார். மூன்று அடி, ஓர் இடைவெளி, மூன்று அடி. முதலில் பயந்து பயந்து விழுந்த அடி, பத்து நிமிடத்தில் பழைய கணக்குக்கு வந்தது.

இன்ஸாஃப் திரும்பி வந்தபோது இப்திஹால் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. கூடுதல் தாள் இரண்டு முறை கேட்டு வாங்கினாள். பன்னிரண்டு மணிக்குத் தாளைக் கொடுத்துவிட்டு, கை விரல்களை நெட்டி முறித்தபடி வெளியே போனாள்.

இன்ஸாஃப் அதே இடத்தில் உட்கார்ந்து தாளின் மூலையை மடித்து ஒட்டி ரகசிய எண் போட ஆரம்பித்தாள். லுத்ஃபி சிரித்தார். "ஒரே ஒரு தாள், மேடம். யாரோடதுன்னு கழுதைக்குக்கூடத் தெரியும்."

"தெரிஞ்சிட்டுப் போகட்டும். மூலை மடிக்காம என் கையை விட்டுப் போகாது." பிறகு அறிக்கைப் படிவத்தை எடுத்தாள். தேர்வு நேரத்தில் 10.25 முதல் 12 வரை கட்டுமானப் பகுதியிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது என்று எழுதினாள். தேர்வு எழுதியவர் கேட்டுக்கொண்டதன்பேரில், கீழே கையொப்பமிட்டவரின் பொறுப்பில். சத்தம் எழுப்பியவர்: தேர்வு எழுதியவரின் தந்தை. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எழுதியது நல்லதாகப் போயிற்று. ஜூலையில் முடிவு வெளிவருவதற்கு முந்தின நாள் டீனுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அப்பன்காரன் சுத்தியலால் மகளுக்கு விடை சொல்லிக் கொடுத்தான், மூன்று அடிக்கு ஒரு விடை என்று. டீன் இன்ஸாஃபைக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினார்.

"எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், சார். கேள்வித்தாளைக் கண்ணால பாக்காம, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு, புள்ளியியலைச் சுத்தியல்ல சொல்லிக் குடுத்தாராம். நிஜமா இருந்தா அவரை உடனே பேராசிரியரா போடுங்க. நம்ம ஆளுங்க மைக் வச்சே புரியவைக்க மாட்டேங்கிறாங்க."

டீன் அறிக்கையை எடுத்துப் படித்தார். நேரம், பொறுப்பு, தந்தை, எல்லாம் அதில் இருந்தது; புதிதாகக் கண்டுபிடிக்க யாருக்கும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சிரித்துக்கொண்டே மொட்டைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

அறிவிப்புப் பலகை இருந்த சுவர் போய்விட்டதால் முடிவை மதிப்பெண் வரிசைப்படி தகரத் தடுப்பிலேயே ஒட்டினார்கள். இடிபாடுகளுக்கு நடுவே முந்நூறு பேர் முண்டியடித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு பகீத் வந்தார், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு. பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவருக்கு எல்லா வரியும் ஒரே வரிதான். பக்கத்தில் இப்திஹால் வந்து நின்றாள். பேச்சு எப்போது திரும்பத் தொடங்கியதென்று இன்ஸாஃபுக்குத் தெரியாது; மறுதேர்வு அன்று சாயங்காலமேகூட இருக்கலாம். மகள் அப்பாவின் கையைப் பிடித்து, விரலை முதல் வரியில் வைத்தாள்.

"இதுவா?"

"இதுதான்."

அவர் விரலை அந்த வரியிலேயே மெதுவாக நகர்த்தினார். "எம் பேரும் இருக்கா இதுல?"

"இருக்குப்பா. என் பேருக்கு அடுத்து."

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டதென்று மித்ஹத் கூப்பிட்டார். பகீத் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.